சான்றிதழ் இருக்கிறது, அரைமண்டி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

என் மகள் செந்தூலில் ஐந்து வருஷமாகப் பரதம் படிக்கிறாள். போன மாதத் தேர்வில் முதல் தரம், சந்தோஷம்தான், ஆனால் வீட்டில் தட்டடவை (அடவு என்னும் அடிப்படை அசைவுகளில் முதலாவது) மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், ஆடிக் காட்டச் சொன்னால் இரண்டாம் காலத்திலேயே முழங்காலை மடக்கிப் பாதி அமர்ந்து நிற்கும் அரைமண்டி காணாமல் போய் நிமிர்ந்து நின்று ஆடுகிறாள். தேர்வில் அதைக் கேட்கவே இல்லையாம். மனப்பாடமான ஓர் அலாரிப்பு (கச்சேரியின் தொடக்க உருப்படி), அதுவும் பதிவு செய்த பாட்டுக்கு, அப்புறம் நாலு கேள்வி, முடிந்தது. தேர்வு வைத்தவரும் சொல்லிக்கொடுத்த ஆசிரியரேதான், வேறென்ன நடக்கும்?

19ஆம் நூற்றாண்டில் தஞ்சை நால்வர் என்ற சகோதரர்கள் ஒழுங்குபடுத்திய மார்க்கத்தில், அதாவது கச்சேரி வரிசையில், நீண்ட, கடினமான உருப்படியான வர்ணம் நடுவில்தான் வருகிறது. இங்கோ அடவு படியாத பிள்ளைக்கு வர்ணத்தைத் திணித்துவிட்டு அரங்கேற்றத்துக்கு மண்டபம் தேடுகிறார்கள். ஆசிரியரை மட்டும் குறை சொல்லவில்லை. 'சான்றிதழ் எப்போது வரும்' என்று நச்சரிப்பது நாங்கள்தான், நானும் கேட்டிருக்கிறேன்.

வெளியிலிருந்து ஒருவர் வந்து, தாளம் தட்டும் தட்டுக்கழி பிடித்து, அடவுகளை மூன்று காலத்திலும் ஆடச் சொல்லட்டும். பிள்ளை கையில் தாளம் போட்டு, 'தெய்யா தெய்' போன்ற சொற்கட்டைச் சொல்லட்டும். மதிப்பெண் ஏன் குறைந்தது என்று தாளில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும், என் மகள் தோற்றாலும் பரவாயில்லை, அடுத்த வருஷம் எழுதட்டும்.

ஒரு தாய்,
கோலாலம்பூர்