நிரல் தன் இருப்பிடத்தை அறிவது எப்படி?

ஆசிரியருக்கு,

திருகோணமலையில் லினக்ஸ் பழகும் மாணவர்கள் கவனிக்கவேண்டிய விடயம் இது. சிம்லிங்க், அதாவது வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்பு, வழியாக இயக்கியதும் சில நிரல்கள் தம் தரவுக் கோப்புகளைக் காணாமல் நின்றுவிடுகின்றன. நிரல் தொடங்கும்போது அதன் பெயராகத் தரப்படும் முதல் ஆர்கியூமென்டையே (பூச்சியமாவது இடத்தில் இருப்பது) இருப்பிடமென நம்புவதுதான் காரணம். அது அழைத்தவர் கொடுத்த பெயர் மட்டுமே, பொய்யாகவும் இருக்கலாம்.

உண்மை இருப்பிடத்தை அறிய லினக்ஸில் ஓர் இணைப்பு உண்டு: 'ப்ராக்' கோப்புறைக்குள் 'செல்ஃப்', அதற்குள் 'எக்ஸி'. இதை, இணைப்பு சுட்டும் பாதையை வாசிக்கும் ரீட்லிங்க் அழைப்பைக் கொண்டு வாசித்தால், இணைப்புகள் அவிழ்ந்த உண்மைப் பாதையை லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலே தரும். ஆனால் எழுத்துச்சரம் முடிந்ததைக் காட்டும் பூச்சிய பைட்டை ரீட்லிங்க் முடிவில் வைக்காது. திரும்பிவந்த நீளத்தைப் பார்த்து நாமே வைக்கவேண்டும். அந்த நீளம், பாதையை வாங்கிவைக்க நாம் ஒதுக்கிய நினைவக இடமான பஃபரின் அளவுக்குச் சமமானால் பாதை வெட்டுப்பட்டிருக்கலாம். பெரிய பஃபருடன் மீண்டும் வாசியுங்கள்.

எல்லா நிரலிலும் இணைப்பை அவிழ்ப்பதும் பிழை. பல கட்டளைகளை ஒரே நிரலில் அடக்கிய பிஸிபாக்ஸ், தன்னை அழைத்த பெயரைப் பார்த்தே எந்தக் கட்டளையாக இயங்குவதெனத் தீர்மானிக்கிறது.

கணினிப் பயிற்றுநர்,
உவர்மலை, திருகோணமலை