கடன் நோட்டும் பட்ஜெட்டும்

மண்டபம்

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லாரும் சுகம். அத்தைக்கு மூட்டுவலி மட்டும் குறைந்தபாடில்லை. கருவாடு கொடுத்து அனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவையாவது மாடிவீட்டாருக்குத் தூக்கிக் கொடுத்துவிடாதே.

போன வாரம் போனில் நீ பேசியது மனசை விட்டுப் போகவில்லை. நூறு நாள் வேலைக்குக் கொட்டிய பணமெல்லாம் தண்டம், ரோடும் துறைமுகமும் போட்டால்தான் நாடு எழும் என்றாயே! நீ பேங்கில் உட்கார்ந்து பார்க்கிறாய், நான் மளிகைக் கடையில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

2020 ஊரடங்கை நினைத்துப் பார். அந்த வருஷப் பட்ஜெட்டில் நூறு நாள் வேலைக்கு 61,500 கோடி. மே மாதம் இன்னும் 40,000 கோடி கூட்டினார்கள். திருத்திய மதிப்பீட்டில் 1,11,500 கோடி ஆனது. கண்மாய் வரத்துக்கால் வெட்டப் போன பெண்கள், கூலி ஏறியதும் நேரே கடைக்குத்தான் வந்தார்கள். அரிசி, எண்ணெய், பிள்ளைக்கு நோட்டு, பழைய பாக்கியில் கொஞ்சம். அந்தக் காசை ராமநாதபுரம் மொத்தக் கடையில் கட்டித்தான் நான் அடுத்த சரக்கு எடுத்தேன். வசதியானவன் கையில் கொடுத்தால் அது உன் பேங்கில் வந்து படுத்துக்கொள்ளும். இல்லாதவன் கையில் கொடுத்தால் ஒரே வாரத்தில் நாலு கை மாறும். தொழில் படுத்துக் கிடக்கும்போது வேண்டியது அதுதானே? ஆனால் பதினைந்து நாளில் கூலி என்று சட்டம் போட்டுவிட்டு இழுத்தடித்தால், பிழைப்பது வட்டிக்காரன்தான். அதில் எனக்கும் கோபம் உண்டு.

கட்டடமே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2021 பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்குக் கடற்பாசிப் பூங்கா அறிவித்து, 2023-ல் நம் மாவட்டத்து வலமாவூரில் அடிக்கல் நாட்டினார்கள். 127.71 கோடித் திட்டம், சந்தோஷம். ஆனால் உன் சின்னம்மாவிடம் கேட்டுப் பார். மூங்கில் மிதவையில் கட்டிய விதைப்பாசி 45 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகைக் காற்றில் மிதவை உடைந்தால் விதையும் சேர்ந்து போகும். போன மழைக்கு அப்புறம், கரை ஒதுங்கிய மூங்கிலில் தொங்கிய கயிற்றை ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தார், தையில் மறுபடி கட்டலாம் என்று. கயிறு இருக்கிறது, விதை வாங்கத்தான் காசில்லை. பூங்காவுக்குப் பணம் வைக்கிறவர்கள் இந்த விதைக்கும் வைக்க வேண்டாமா? அதுவும் தை மாதமே கைக்கு வர வேண்டாமா?

விவசாயிக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுக்கிற கிசான் கார்டு மீனவர்களுக்கும் உண்டு என்று 2018-லேயே பட்ஜெட்டில் சொன்னார்கள். 2025 பட்ஜெட்டில் வட்டிச் சலுகைக் கடனை 3 லட்சத்திலிருந்து 5 லட்சமாக்குவோம் என்று அறிவித்தார்கள். 2 லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது என்பதும் விதி. சின்னம்மா விதைக்குக் கடன் கேட்டுப் போன பேங்கில் வீட்டுப் பத்திரம் கொண்டுவா என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். டெல்லியில் ஒதுக்கிய பணம் இந்த ஒரு மேஜையைத் தாண்ட மாட்டேன் என்கிறது மாப்ளே, வயிறு எரிகிறது.

அதனால் வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறு. விதி உனக்குத் தெரியும், அவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதும் தெரியும். ஆதார், பாஸ்புக், மீனவர் அட்டை எல்லாம் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்புவோம், திங்கட்கிழமை நீயே கூடப் போய்க் கொடுத்துவிட்டுத் திரும்பு.

உன்
மச்சான்