பன்னிரண்டு நிமிடச் சம்பளம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பொறியியல் மாணவர்களின் இறுதியாண்டு புராஜெக்ட் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். காசு கொடுத்து வாங்கிவிடுகிறார்கள் என்ற வருத்தம் நியாயமானது. ஆனால் உண்மையாக உழைக்கிற குழுக்களிடமும் ஒரு பழக்கம் உண்டு. நான்கு பேரும் ஆளுக்கொரு பகுதியைப் பிரித்துக்கொண்டு போவார்கள். ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரிதான் நான்கையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்தோடுதான் நானும் வேலைக்கு வந்தேன். மாற்றம் வரும்போதெல்லாம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் முறைக்கு எப்படி வந்தோம் என்று சொல்கிறேன்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குச் சம்பள மென்பொருள் செய்து தரும் சிறு நிறுவனம் ஒன்றில் டெஸ்டராக இருக்கிறேன். எங்கள் மென்பொருளில் நான்கு பகுதிகள்: கைரேகை மெஷினிலிருந்து வருகைப்பதிவை எடுப்பது, சம்பளம் கணக்கிடுவது, தொழிலாளி பார்க்கும் மொபைல் ஆப், சம்பளச் சீட்டு அச்சிடுவது. நான்குக்கும் தனித்தனி ரெப்போ (கோடைச் சேமித்து வைக்கும் இடம்), தனித்தனி டெஸ்ட். டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் ஜென்கின்ஸ் என்ற மென்பொருளில் தேறினால் பச்சை, தவறினால் சிவப்பு. நான்கும் பச்சை காட்டினால் வீட்டுக்குக் கிளம்பலாம்.

ஒரு சனிக்கிழமை, வாரச் சம்பள நாள். எட்டரை மணி நேரம் வேலை பார்த்தவர்களுக்கு நாளுக்கு 12 நிமிடக் கூலி குறைந்திருந்தது. வருகைப்பதிவுப் பகுதி அதுவரை எட்டரை மணியை 8.5 என்று அனுப்பிக்கொண்டிருந்தது. ஆப்பில் பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று அதை எழுதியவர் 8.30 ஆக்கிவிட்டார். சம்பளப் பகுதி அதை 8.3 மணி என்று எடுத்துக்கொண்டது, அதாவது 8 மணி 18 நிமிடம். எட்டே முக்கால் மணி பார்த்தவருக்கு 18 நிமிடம் போயிற்று. முழு மணிக் கணக்கில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு பைசா குறையவில்லை, அதனால் எங்களுக்குப் பிடிபடவே இல்லை. கடைசியில் ஒரு டெய்லர் அக்கா சீட்டின் பின்பக்கத்தில் பேனாவால் கணக்குப் போட்டுக் காட்டினார்.

அன்றும் நான்கும் பச்சைதான். நாசா செவ்வாய்க்கு அனுப்பிய கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் 1999-இல் தொலைந்ததும் இப்படித்தான்: ஒரு தரப்பின் மென்பொருள் உந்துதலைப் பவுண்டுக் கணக்கில் கொடுத்தது, வாங்கிய தரப்பு நியூட்டன் என்று நினைத்தது. நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை.

அப்புறம்தான் தொடர் ஒருங்கிணைப்பை, அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் மற்றவற்றோடு சேர்த்து மெஷினே சோதிக்கும் முறையை, ஒழுங்காக அமைத்தோம். சுருக்கமாக சி.ஐ. என்போம். இப்போது எந்தப் பகுதியில் மாற்றம் வந்தாலும் அதை மட்டும் புதிதாக பில்ட் செய்து (கோடை ஓடக்கூடிய மென்பொருளாக்கி), மற்ற மூன்றிலும் கடைசியாகத் தேறிய பில்டை எடுத்து, நான்கையும் காலி டேட்டாபேஸோடு சேர்த்து ஓட்டுகிறோம். 20 கற்பனைத் தொழிலாளிகளின் ஒரு வார வருகை ஒரு முனையில் உள்ளே போகும். மறுமுனையில் வரும் சீட்டின் ரூபாயை, நான் கையால் போட்டு வைத்த கணக்கோடு ஜென்கின்ஸ் ஒப்பிடும். அரை மணி, முக்கால் மணி, நள்ளிரவைத் தாண்டும் நைட் ஷிஃப்ட் எல்லாம் அந்த 20 பேரில் அடக்கம். தேறிய நான்கு பதிப்பு எண்களும் ஒரே வரியில் பதிவாகும். கஸ்டமருக்குப் போவது அந்தக் கூட்டணி மட்டும்தான்.

சுலபமாக நடக்கவில்லை. முதலில் ஒரு ஓட்டத்துக்கு 40 நிமிடம் ஆனது. காத்திருக்கப் பொறுமையில்லாமல் பையன்கள் அதைத் தாண்டிப் போக வழி கண்டுபிடித்தார்கள். அந்தந்தப் பகுதியின் சின்ன டெஸ்ட்களை முன்னால் வைத்து, அதில் தேறியதை மட்டும் பெரிய ஓட்டத்துக்கு விட்ட பிறகு அது ஓய்ந்தது. இரண்டு பகுதிகளைச் சேர்த்து மாற்ற வேண்டியிருந்தால் எது முதலில் உள்ளே போனாலும் சிவப்புதான். இரண்டு ரெப்போவிலும் ஒரே பெயரில் கிளை (மாற்றத்தைத் தனியாக வைக்கும் கோடு நகல்) வைத்தால் சி.ஐ. அவற்றை ஜோடியாக எடுக்கும்படி செய்தோம். (ஓப்பன்ஸ்டாக் என்ற கிளவுட் மென்பொருளை உருவாக்குகிறவர்கள் இந்தச் சிக்கலுக்காக ஜூல் என்று தனி மென்பொருளே எழுதினார்கள்.) இன்னொரு தொல்லை, காரணமில்லாமல் சிவப்பாகும் டெஸ்ட். சர்வர் எழுந்திருக்க ஐந்து விநாடி காத்திரு என்று எழுதியிருந்தோம். எங்கள் கம்ப்யூட்டருக்கு ஐந்து போதவில்லை. எதற்கெடுத்தாலும் "மறுபடி ஓட்டு" என்று பழகி, நிஜமான தவறையும் இரண்டு முறை மறுபடி ஓட்டினோம். இப்போது சர்வர் பதில் சொல்லும்வரை டெஸ்ட் கேட்டுக்கொண்டே இருக்கும்.

கல்லூரிகள் முதல் ரிவ்யூவிலேயே இதைக் கேட்கட்டும். நான்கு பகுதியும் வெறும் கூடாக இருந்தாலும் சரி, ஒரு எண் இந்த முனையில் போய் அந்த முனையில் சரியாக வந்து சேர்கிறதா, அதைத் தினமும் மெஷினே பார்க்கிறதா என்று. ஜென்கின்ஸ் இலவசம், பழைய கம்ப்யூட்டர் ஒன்று போதும். எங்களுடையது என் மேஜைக்கு அடியில், யு.பி.எஸ்ஸோடு இருக்கிறது. யு.பி.எஸ். வந்தது இரண்டாவது கரண்ட் கட்டுக்குப் பிறகு.

இப்படிக்கு,
ஒரு டெஸ்டர், திருப்பூர்