ரன் ஃப்ளாட்னா அப்படித்தான் சத்தம் வரும்னு சொல்றது பதிலே இல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க வாகனப் பக்கத்துல ரன் ஃப்ளாட் டயர் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், பஞ்சர் ஆனாலும் வண்டிய நிறுத்த வேணாம், ராத்திரி நேரத்துல ரோட்டோரம் இறங்கி ஜாக்கி போட வேணாம்னு எழுதியிருந்தீங்க, அது உண்மைதான், நான் மறுக்கல. பக்கச் சுவர தடியான ரப்பர்ல கட்டியிருக்கறதால காத்து மொத்தமும் போனாலும் டயர் ரிம்முக்கு அடியில நசுங்காம வண்டிய தாங்கும், பெரும்பாலான டயர்ல 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாம 80 கிலோமீட்டர் தூரம் வரைக்கும் போகலாம்னு கம்பெனிகளே சொல்றாங்க. ஆனா கட்டுரை முழுக்க பஞ்சர் ஆகற அந்த ஒரு நாளப் பத்தி மட்டும்தான் இருந்துச்சு, பஞ்சர் ஆகாத மத்த நாள்ல அந்த டயரோட எப்படி குடும்பம் நடத்தறதுன்னு ஒரு வரி கூட இல்ல, அதுக்காகத்தான் இந்தக் கடிதம்.

என் வண்டில கம்பெனில இருந்தே நாலும் ரன் ஃப்ளாட்தான், ஸ்டெப்னி கிடையாது. முதல் பதினஞ்சாயிரம் கிலோமீட்டர் ஒரு குறையும் சொல்ல முடியாது, ஓட்டம் கொஞ்சம் விறைப்பு, சின்ன பள்ளம் கூட இடுப்புல வந்து சொல்லும், அவ்வளவுதான். அதுக்கப்புறம் பின்பக்கத்துல இருந்து ஒரு முனகல் ஆரம்பிச்சுது, அறுபது எழுபதுல ம்ம்ம்னு வரும், வேகம் கூடக் கூட சுருதியும் ஏறும். நான் தினமும் ஓட்டறதால காது பழகிப்போச்சு, ஒரு நாள் பின் சீட்ல உக்காந்து வந்த மாமனார்தான், என்ன மாப்ள வண்டில ஏரோப்ளேன் இன்ஜின் மாட்டிருக்கீங்களான்னு கேட்டாரு.

சர்வீஸ்ல விட்டேன், ஓட்டிப் பாத்துட்டு வீல் பேரிங், அதாவது சக்கரத்த உரசாம சுத்த வைக்கற உருளை வளையம், போச்சு சார்னாங்க, மாத்தினாங்க, சத்தம் அப்படியே இருந்துச்சு. திரும்பப் போய் கேட்டா அடுத்த பக்க பேரிங்கையும் மாத்திப் பாக்கலாம்னாங்க, அதையும் மாத்தியாச்சு, சத்தம் இம்மி குறையல. மூணாவது தடவ போனப்போதான் அந்தப் பொன்மொழி வந்துச்சு, ரன் ஃப்ளாட்னா அப்படித்தான் சார் சத்தம் வரும். அப்போ முதல் பதினஞ்சாயிரம் கிலோமீட்டர் ஏன் வரலன்னு கேட்டேன், பதில் இல்ல.

கடைசில விஷயத்த கண்டுபிடிச்சது கம்ப்யூட்டர் இல்ல, அலைன்மென்ட், அதாவது சக்கரங்க நிக்கற கோணத்த, பாத்து சரி பண்ற பெரியவர் ஒருத்தரோட உள்ளங்கை. வண்டிய மேல தூக்கி பின் டயர் மேல கைய ஒரு திசைல வருடினாரு, பிறகு எதிர் திசைல வருடினாரு, நீங்களும் வச்சுப் பாருங்கன்னாரு. ஒரு பக்கமா தடவினா வழவழன்னு போகுது, எதிர்ப்பக்கமா தடவினா ரம்பப் பல்லு மாதிரி பிராண்டுது. ரோட்ட தொடற ட்ரெட்ல ஒவ்வொரு கட்டையும் முன் விளிம்பு உயரமாவும் பின் விளிம்பு தேஞ்சும் இருந்துச்சு, ரோட்ட விட்டு எழும்பற நேரத்துல கட்டையோட பின் விளிம்பு லேசா சறுக்கித் தேயறதால இப்படி ஆகுமாம், டயர் சுத்தும்போது இந்தப் பல்லு ஒவ்வொண்ணும் ரோட்ட தட்டறதுதான் அந்த ம்ம்ம். அதோட விடல, டயரோட உள்பக்க ஓரத்த டார்ச் அடிச்சுக் காட்டினாரு, வெளி ஓரத்துல அஞ்சு மில்லிமீட்டர் ஆழம் இருக்க, உள் ஓரத்துல ரெண்டு மில்லிமீட்டர் கூட முழுசா இல்ல. 1.6 மில்லிமீட்டர்தான் கடைசி எல்லை, காடிக்குள்ள சின்ன மேடு மாதிரி ஒரு அடையாளம் இருக்கும், அதுக்கு சமமா ட்ரெட் வந்துட்டா டயர் முடிஞ்சுது. நான் வாராவாரம் வண்டி கழுவறவன் சார், வெளிப்பக்கம் மட்டும் பாத்துட்டு டயர் புதுசா இருக்குன்னு சந்தோசப்பட்டுட்டு இருந்திருக்கேன்.

காரணம் பின் சக்கரத்தோட டோ, அதாவது மேல இருந்து பாத்தா சக்கரம் எந்தப் பக்கம் திரும்பி நிக்குதுங்கற கோணம். சக்கரம் நேரா பாக்காம ஒரு துளி உள்ளயோ வெளியவோ திரும்பி நின்னா, வண்டி நேரா போகும்போது டயர் உருள்றதோட கொஞ்சம் பக்கவாட்டுலயும் இழுபட்டுட்டே வரும், செருப்ப தேச்சுத் தேச்சு நடக்கறவங்க மாதிரி. இதோட பல வண்டில பின் சக்கரத்தோட தலைப்பக்கம் லேசா உள்ள சாஞ்சிருக்கற மாதிரியேதான் கம்பெனில செட் பண்ணிருப்பாங்க, வளைவுல பிடிப்பு வேணும்னு, அதனால பாரம் உள் ஓரத்துல கூட, டோவும் கெட்டா உள் ஓரம் சீக்கிரம் காலி. அலைன்மென்ட் பண்றேன்னு சொல்ற எத்தனையோ இடத்துல முன் ரெண்ட மட்டும்தான் சரி பண்றாங்க, நானும் ரெண்டு தடவ காசு கொடுத்து பண்ணினவன்தான், பின்பக்க கணக்கு அளவு தப்புன்னு பேப்பர்ல சிவப்புல அச்சாகி இருந்ததையே அப்புறம்தான் எடுத்துப் பாத்தேன்.

இதெல்லாம் சாதா டயர்லயும் நடக்கறதுதானேன்னு நீங்க கேக்கலாம், நடக்கும். ஆனா சாதா டயரோட பக்கச் சுவர் கொஞ்சம் நெளிஞ்சு கொடுத்து தப்ப விழுங்கிக்கும், ரன் ஃப்ளாட் விறைப்பா நிக்கும், அதிர்வையும் சத்தத்தையும் அப்படியே சஸ்பென்சன் வழியா வண்டிக்குள்ள அனுப்பும். இன்னொண்ணு காத்து. சாதா டயர்ல காத்து குறைஞ்சா வயிறு பிதுங்கும், பாத்தாலே தெரியும், ரன் ஃப்ளாட்ல காத்து பாதி போனாலும் பாக்கறதுக்கு கம்பீரமா நிக்கும், ஆனா பாரம் நடுவுல இறங்காம ரெண்டு ஓரத்துலயும் ஏறி ஓரத்த தின்னுட்டு இருக்கும். அதுக்குத்தான் காத்து குறைஞ்சா டாஷ்போர்டுல விளக்கு போடற சென்சார் இருக்கேம்பாங்க. அமெரிக்க விதிப்படி சொல்லியிருக்கற அளவுல இருந்து 25 சதவீதம் குறைஞ்சா அந்த விளக்கு எரிஞ்சாகணும், அதாவது 36 psi இருக்க வேண்டிய இடத்துல 27க்கு இறங்கற வரைக்கும் விளக்கு பேசாம இருக்கலாம், 29ல மாசக்கணக்கா ஓட்டினா டயர் என்ன ஆகும்? சில வண்டில டயருக்குள்ள சென்சாரே கிடையாது, சக்கரம் சுத்தற வேகத்த வச்சு கணக்கு போட்டு சொல்றது, நாலுலயும் ஒண்ணா மெதுவா காத்து இறங்கினா அதுக்கு வித்தியாசம் பிடிபடறது கஷ்டம். மாசம் ஒரு தடவ, வண்டி ஓடாம டயர் ஆறி இருக்கும்போது, கேஜ் வச்சு பாக்கறதுக்கு மாற்று இன்னும் வரல.

இடம் மாத்தி மாட்டறது இன்னொரு கூத்து. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவ முன்ன பின்ன மாத்தினா இந்த ரம்பப் பல்லு வளர்றது குறையும். என் வண்டில நாலும் ஒரே சைஸ், மாத்தியிருக்கலாம், யாரும் சொல்லல, நானும் கேக்கல, அது என் தப்பு. ஆனா சில வண்டில பின் டயர் அகலம் முன் டயர் அகலம் வேற, முன்ன பின்ன மாத்தவே முடியாது, அதுல ஒரு திசைல மட்டும் சுத்தற டிசைனா இருந்தா இடம் வலமும் மாத்த முடியாது, அந்த டயர் பொறந்த இடத்துலயே சாகணும். வண்டி வாங்கறவங்ககிட்ட இத ஷோரூம்ல யாராவது சொல்றாங்களா?

பேரிங்கா டயரான்னு பிரிச்சுப் பாக்க எனக்கு அந்தப் பெரியவர் சொன்னது இது, வாசகர்களுக்கு உபயோகப்படும். ரோடு மாறும்போது, சொரசொரப்பான தார்ல இருந்து வழவழப்பான தாருக்கு வரும்போது சத்தம் மாறுதான்னு கவனிங்க, மாறினா அனேகமா டயர். ஒரே ரோட்டுல லேசா இடமும் வலமும் வளைக்கும்போது ஒரு பக்கம் சத்தம் கூடி மறுபக்கம் அடங்கினா பேரிங் மேல சந்தேகப்படலாம். முன்பக்க டயர பின்னாடி மாத்திப் போட்டதும் சத்தமும் இடம் மாறினா பேரிங்க தொடவே வேணாம். இந்த மூணுல ஒண்ணக் கூட பண்ணாமத்தான் எனக்கு ரெண்டு பேரிங் மாத்தினாங்க.

இன்னொரு ஏமாற்றமும் சொல்லிடறேன், அலைன்மென்ட் சரி பண்ணின உடனே சத்தம் போயிடும்னு நெனச்சேன், போகல. தேஞ்சு செதுக்கின உருவம் டயர்லயே இருக்கே, அது எங்க போகும், இனிமே மோசமாகாதுங்கறதுதான் லாபம். இது தெரியாம அலைன்மென்ட் பண்ணியும் சத்தம் போகலன்னு கடைக்காரர்கிட்ட சண்டை போடறவங்க நிறைய.

அடுத்து புது டயர் வாங்கப் போனேன். சத்தம் கம்மியானது வேணும்னேன், உடனே டயர்ல ஒட்டியிருக்கற ஐரோப்பா தர லேபிள்ல இருக்கற டெசிபல் எண்ணக் காட்டினாங்க. அந்த எண் வண்டி கடந்து போகும்போது வெளிய ரோட்டோரத்துல கேக்கற சத்தம், உள்ள உக்காந்திருக்கற என் காதுக்கு எவ்வளவு வரும்னு அது சொல்லாது. உள்ள ஸ்பாஞ்ச் ஒட்டின டயரும் காட்டினாங்க, டயருக்குள்ள இருக்கற காத்து அதிர்ந்து வர்ற கும்முனு சத்தத்த அது குறைக்கும், நல்ல விஷயம்தான், ஆனா ட்ரெட் ரம்பமா தேஞ்சு வர்ற சத்தத்துக்கு அது மருந்தில்ல. விக்கறவரு ரெண்டையும் ஒண்ணா சேத்து சொன்னாரு, தெரிஞ்சு சொன்னாரா தெரியாம சொன்னாரான்னு எனக்கு சந்தேகம்.

பேசாம சாதா டயருக்கு மாறிடுங்கன்னு நண்பர்கள் சொல்றாங்க. சுகமா இருக்கும், ஒத்துக்கறேன், ஆனா ஸ்டெப்னி வைக்க வண்டில இடமே இல்ல, ரிப்பேர் கிட்டோட பசை பக்கச் சுவர் கிழிஞ்சா ஒண்ணும் பண்ணாது. ரெண்டு ரன் ஃப்ளாட் ரெண்டு சாதான்னு கலந்து போடறதும் தப்பு, வண்டியோட நடத்தையே மாறிடும். நான் மறுபடியும் ரன் ஃப்ளாட்தான் போட்டேன், இந்த முறை நாலு சக்கரத்துக்கும் அலைன்மென்ட் பாத்து, சிவப்பு ஒண்ணு கூட இல்லாத பேப்பர கைல வாங்கிட்டுத்தான் வண்டிய வெளிய எடுத்தேன்.

ஆசிரியர் சார், என் கோரிக்கை சின்னது. ஒவ்வொரு சர்வீஸ்லயும் வண்டிய எப்படியும் மேல தூக்கத்தான் போறாங்க, அப்பவே நாலு டயருக்கும் உள் ஓரம், நடு, வெளி ஓரம்னு பன்னெண்டு எண்ண அளந்து பில்லோட பின்னாடி எழுதிக் கொடுத்தா என்ன, அஞ்சு நிமிசம் ஆகுமா? உங்க வாகனப் பக்கத்துல அடுத்த தடவ ரன் ஃப்ளாட் பத்தி எழுதும்போது வாசகர்கள இதக் கேட்டு வாங்கச் சொல்லி எழுதுங்க. பழைய டயர்ல ஒண்ண நான் இன்னும் தூக்கிப் போடல, ரன் ஃப்ளாட்னா அப்படித்தான்னு சொன்னவரு என்னைக்காவது வீட்டுப் பக்கம் வந்தா கைய வச்சுப் பாக்கட்டும்னு வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்