1783-ல் ரஞ்சித் சிங்குக்கு 2 வயது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வரலாற்றுப் பக்கத்தில் பஞ்சாபை ஆண்ட சீக்கிய மகாராஜா ரஞ்சித் சிங் பற்றிய கட்டுரையைப் படித்தேன். "ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு திரிந்த கொள்ளைக் கூட்டங்களை, 18 வயது இளைஞர் தனியொருவராக நின்று ஒரு நாடாக்கினார்" என்று அதில் ஒரு வரி. அதைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. இதழை மூடி வைத்துவிட்டுச் சமையலை முடித்து, சாயங்காலம் மறுபடி எடுத்துப் பார்த்தேன். அப்போதும் மனசு ஆறவில்லை.

என் கணவர் ராணுவத்தில் இருந்தவர். பஞ்சாபில் ஜலந்தரில் நான்கு வருடம் வாடகை வீட்டில் குடியிருந்தோம். வீட்டுக்கார அம்மாவைத் தெருவே 'பீஜி' என்று கூப்பிடும், நானும் அப்படித்தான். குளிர்காலத்தில் இரண்டு பேரும் முற்றத்து வெயிலில் உட்கார்ந்து கடுகுக்கீரை ஆய்வோம். நம் அரிவாள்மணை மாதிரியே காலால் அமுக்கிக்கொண்டு அறுக்கிற அரிவாள் அங்கேயும் உண்டு. ஒருநாள் கீரைக்கட்டை அதில் கொடுத்து அறுத்துக்கொண்டே பீஜி ஒரு சொலவடை சொன்னார்: "மன்னு எங்களுக்கு அரிவாள், நாங்கள் மன்னுவின் கீரை. மன்னு அறுக்க அறுக்க நாங்கள் ஒன்றுக்கு இரண்டாய்த் துளிர்ப்போம்." சொல்லும்போது அவர் கை நிற்கவே இல்லை.

மன்னு யாரென்று தங்களுக்குத் தெரியாமல் இருக்காது. 1748 முதல் 1753 வரை லாகூரில் ஆளுநராக இருந்த மீர் மன்னு. சீக்கியராகப் பிறந்ததே குற்றம் என்று தேடித் தேடிக் கொன்ற காலம் அது. சிறையில் அடைத்த பெண்களை மாவரைக்க வைத்து, அவர்கள் கண்ணெதிரிலேயே பிள்ளைகளை வெட்டினார்கள். அந்தத் தாய்மார்களை இன்றைக்கும் குருத்வாராக்களில் அர்தாஸ் பிரார்த்தனையில் தினமும் நினைக்கிறார்கள். கட்டுரையாளர் 'கூட்டம்' என்று சொன்ன மிஸ்ல்கள், அதாவது சீக்கியப் படைக்குழுக்கள், இப்படி வேட்டையாடப்பட்ட காலத்தில்தான் உருவாயின. 1748-ல் வைசாகி என்ற சித்திரைத் திருநாளன்று அமிர்தசரஸில் கூடி, சிதறிக் கிடந்த குதிரைப் படைகளை 11 மிஸ்ல்களாக வகுத்து, ஜஸ்ஸா சிங் அலுவாலியாவைப் பொதுத் தலைவராக ஏற்றார்கள். பட்டியாலா பக்கத்து பூல்கியான் மிஸ்லையும் சேர்த்தால் 12. வைசாகிக்கும் தீபாவளிக்கும் பொற்கோவிலை ஒட்டிய அகால் தக்த் பீடத்தின் முன்னால் எல்லாரும் கூடுவார்கள். சண்டைக்காரர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசி எடுக்கும் முடிவுக்கு 'குர்மதா' என்று பெயர். கொள்ளைக் கூட்டம் இப்படியா நடந்துகொள்ளும்?

அவர்கள் கொள்ளையே அடிக்கவில்லை என்று நான் வாதாட வரவில்லை. அடித்தார்கள். பாரசீக மன்னன் நாதிர் ஷா 1739-ல் தில்லியைச் சூறையாடித் திரும்பும்போது அவன் மூட்டைகளைப் பறித்தார்கள். பின்னாளில் தில்லி வரைக்கும் போனார்கள். தங்களுக்குள் மோதியதும் உண்மை. ஆனால் ஊர்களுக்குக் காவல் நின்று அதற்குக் கூலி வாங்கினார்களே, 'ராக்கி' என்று, அதைக் கட்டுரையாளர் ஏன் விட்டுவிட்டார்? வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு, வருடத்துக்கு இரண்டு தவணை. அதைக் கொடுத்த ஊரில் யாரும் கை வைக்க முடியாது.

1762-ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் மாலேர்கோட்லா பக்கம் கூப் என்ற இடத்தில், குடும்பம் குடும்பமாகப் போய்க்கொண்டிருந்தவர்களை ஆப்கானிய மன்னன் அகமது ஷா அப்தாலியின் படை வளைத்தது. ஒரே நாளில் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். அதைத்தான் பெரிய கல்லுகாரா, அதாவது பெரும் படுகொலை, என்கிறார்கள். அதே வருடம் பொற்கோவிலையும் வெடிமருந்து வைத்துத் தகர்த்தான். இதோடு ஒழிந்தார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் 1764 ஜனவரியில் சிர்ஹிந்து நகரைப் பிடித்தார்கள், 1765-ல் லாகூரையே பிடித்தார்கள். நாணயம் அடித்தார்கள். அதில் எந்தத் தலைவர் பெயரும் இல்லை, குரு நானக், குரு கோவிந்த் சிங் பெயர்கள்தான். லாகூரைப் பங்கு போட்டுக்கொண்ட மூவரில் ஒருவர் லெஹ்னா சிங். அப்தாலி மறுபடி படையோடு வந்தபோது, நீயே ஆளுநராக இரு என்று அவருக்கு உலர்பழக்கூடை அனுப்பினான். அவரோ, பழம் ராஜாக்களுக்கு, எனக்கு இதுதான் சாப்பாடு என்று, கூடையோடு கொஞ்சம் மட்டமான தானியத்தையும் சேர்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார். இந்த மனிதரையும் சேர்த்துத்தான் தங்கள் இதழ் கொள்ளைக் கூட்டம் என்கிறது.

இது முதல் தடவையாக இருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். தங்கள் வினாடி வினாப் பகுதியில், "1783-ல் தில்லி செங்கோட்டைக்குள் நுழைந்த சீக்கியத் தலைவர் யார்?" என்று கேட்டு, விடையாக ரஞ்சித் சிங் என்று போட்டிருந்தீர்கள். 1783-ல் ரஞ்சித் சிங்குக்கு 2 வயது! நுழைந்தவர்களில் முக்கியமானவர் கரோர்சிங்கியா மிஸ்லின் பகேல் சிங். அவர் நகரத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. சுங்க வருமானத்தில் ரூபாய்க்கு ஆறணா வாங்கி, தில்லியில் குருமார்கள் நினைவாக ஏழு இடங்களில் குருத்வாரா எழுப்பினார். தில்லிக்குப் போகிற நம் ஊர்க்காரர்கள் பங்களா சாகிப்பில் வரிசையில் உட்கார்ந்து லங்கர் என்ற இலவசச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வருகிறார்களே, அதுவும் அவற்றில் ஒன்று. இதையெல்லாம் அன்றைக்கே கார்டில் எழுதிப் போட்டேன். திருத்தம் வரவில்லை. ஒரு வரிப் பதிலாவது வந்திருக்கலாம்.

அப்புறம் அந்த நகைச்சுவைப் பக்கம். சர்தார்ஜிக்குப் பன்னிரண்டு மணியானால் புத்தி மாறும் என்று எத்தனை தடவை போட்டுவிட்டீர்கள்! பஞ்சாபில் இந்தப் பன்னிரண்டு மணிக்கு ஒரு காரணம் சொல்வார்கள். அப்தாலியின் படை பிடித்துக்கொண்டு போன பெண்களை மீட்க, சீக்கியர்கள் நடுராத்திரியில் முகாமுக்குள் பாய்வார்களாம். 1761-ல் ஜஸ்ஸா சிங் அலுவாலியா அப்படி மீட்டு, வீடு கொண்டுபோய்ச் சேர்த்த பெண்கள் சுமார் 2,200 பேர் என்பார்கள். ஜலந்தரில் என் பையனோடு படித்த சிறுவனை, விடுமுறைக்கு வந்திருந்த எங்கள் உறவினர் ஒருவர் மணி கேட்டுக் கேலி செய்தார். பிள்ளை முகம் சுருங்கிப்போனது. பீஜி உள்ளே எழுந்து போய்விட்டார். அன்றைக்கு நான் பட்ட வெட்கம் இன்றும் மறக்கவில்லை.

கடைசியாக, 'தனியொருவராக' என்ற வார்த்தை. ரஞ்சித் சிங்கின் மாமியார் சதா கௌர் எங்கே போனார்? கன்னையா மிஸ்லின் தலைவர் வீட்டு மருமகள். 1785-ல் படாலா பக்கத்துப் போரில் கணவரை இழந்தவர். எதிர்த்து வந்தவர்களில் ரஞ்சித்தின் அப்பா மகா சிங்கும் ஒருவர். அப்படியிருந்தும் பகையை முடிப்பதற்காக அந்த வீட்டுக்கே தன் ஒரே மகளைக் கொடுத்தார். மாமனாருக்குப் பிறகு மிஸ்லைத் தானே நடத்தினார். 1799 ஜூலையில் லாகூருக்குள் போன படையில் அந்த அம்மாவின் படையும் இருந்தது, அவரும் கூடவே போனார். 1821-ல் அவர் சொத்தைப் பறித்துச் சிறையில் வைத்தவரும் அதே மருமகன்தான். ரஞ்சித் சிங்கின் பெருமையில் எனக்கும் குறையில்லை. ஆனால் அவருக்கு ஏணி பிடித்தவரை இரண்டு பக்கக் கட்டுரையில் ஒரு தடவைகூடச் சொல்லாமல் விட்டது நியாயமா?

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. வினாடி வினா விடைக்கு ஒரு திருத்தம் போடுங்கள், பகேல் சிங் என்று. அந்த வரலாற்றுக் கட்டுரைத் தொடர் புத்தகமாக வரப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் 'கொள்ளைக் கூட்டங்கள்' இருக்கும் இடத்தில் 'மிஸ்ல்கள்' என்று மாற்றச் சொல்லுங்கள். இதையும் முடியாதென்றால் அதையாவது ஒரு கார்டில் எழுதிவிடுங்கள். என் முகவரி உறையின் பின்பக்கம் இருக்கிறது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
பாளையங்கோட்டை