என் ஓடிபியை நானே அடிக்க வழி செய்யுங்கள்

அரசுச் சான்றுகளுக்கு விண்ணப்பிக்கும் இணையதளத்தை நடத்தும் அலுவலர்களுக்கு,

வணக்கம். மதுரை செல்லூரிலிருந்து எழுதுகிறேன். எனக்குப் பார்வை இல்லை. உங்கள் தளத்தைப் பற்றி மூன்று முறை புகார் கொடுத்தும் பதில் இல்லாததால்தான் இந்த மடல்.

போன செவ்வாய்க்கிழமை வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தேன். பெயர், முகவரி, ஆதார் எண் எல்லாம் நானே அடித்தேன். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டே வந்தது. கடைசியில் கேப்சா, அதாவது படத்தில் தெரியும் எழுத்துகளைப் பார்த்து அடிக்கச் சொல்லும் சோதனை. அங்கே ஸ்கிரீன் ரீடர் சொன்னது ஒரே சொல்: "இமேஜ்." அடுத்து "பட்டன்", "பட்டன்." எது எதற்கான பட்டன் என்று பெயரே இல்லை. வீடியோ காலில் நண்பனைக் கூப்பிட்டு அந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னேன். அதற்குள் நேரம் முடிந்து படிவமே போய்விட்டது. இப்படி நான்கு முறை.

அப்புறம் பிரவுசிங் சென்டர்தான். "ஓடிபி சொல்லுங்கண்ணே" என்றார் அந்தத் தம்பி. நல்ல பையன், அவர்மேல் குறையில்லை. ஆனால் என் போன் அந்த ஆறு எண்களையும் வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தது. ஆதார் எண்ணையும் சம்பளத்தையும் நான் வாய்விட்டுச் சொன்னேன். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று தினமும் எங்களுக்குச் சொல்கிறீர்கள். சொல்லாமல் இருக்க எனக்கு என்ன வழி வைத்திருக்கிறீர்கள்?

நான் சலுகை கேட்கவில்லை. அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009-லேயே வந்துவிட்டன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. டிஜிட்டல் சேவையை அணுகுவது வாழும் உரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இன்னும் எதற்குக் காத்திருக்கிறீர்கள்? பஸ் ஸ்டாண்டில் சாய்தளம் கேட்டு எங்கள் ஆட்கள் எத்தனை வருடம் அலைந்தார்கள்! இங்கே செங்கலும் வேண்டாம், சிமெண்டும் வேண்டாம். பட்டனுக்குப் பெயர் எழுதினால் போதும்.

கோபமாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து கேப்சாவுக்குப் பார்வை தேவைப்படாத ஒரு மாற்று வழி வையுங்கள். நேரம் முடியும் முன் எச்சரித்து, கூடுதல் நேரம் கேட்க விடுங்கள். சரி செய்த பிறகு பார்வையற்ற ஒருவரை உட்காரவைத்துச் சோதியுங்கள். கூப்பிட்டால் நானே வருகிறேன்.

மகளின் கல்வி உதவித்தொகைக்கு அடுத்த வருடமும் இதே சான்று வேண்டும். அதை நானே, என் வீட்டில் உட்கார்ந்து விண்ணப்பிக்க வேண்டும்.

இப்படிக்கு,
செல்லூர்வாசி ஒருவன்