படத்தில் மட்டும் ஏன் வெளுத்துப் போனார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சிறுவர் நூல்கள் வழியாக நம் பண்பாட்டைக் குழந்தைகளிடம் சேர்க்க வேண்டும் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையை முழு மனதுடன் ஏற்கிறேன். ஆனால் கதையைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், கதைக்கு வரையும் படத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தை முதலில் படிப்பது படத்தைத்தானே?

1967-இல் அனந்த் பை அமர் சித்திரக் கதை என்னும் படக்கதை நூல் வரிசையைத் தொடங்கியதன் நோக்கம் நல்லது. கிரேக்கப் புராணம் தெரிந்த பிள்ளைகளுக்கு இராமனின் தாய் பெயர் தெரியவில்லையே என்ற கவலையில் பிறந்தது அது. ஆனால் அந்தப் படங்களில் இளவரசியும் முனிவரும் பெரும்பாலும் வெளுப்பு, அரக்கர்கள் கறுப்பு. தமிழில் வரும் பல படக்கதைகளும் இன்றுவரை அதே வழியில்தான் போகின்றன.

இதைப் பண்பாடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'கார்மேனிச் செங்கண்' என்று கண்ணனை ஆண்டாள் பாடியதை மார்கழிதோறும் கேட்கிறோம். 'மையோ மரகதமோ மறிகடலோ மழைமுகிலோ' என்று இராமனின் நிறத்துக்கு உவமை தேடித் தேடித் திணறுகிறான் கம்பன். குறுந்தொகையில் வெள்ளிவீதியார் பாடிய தலைவியோ, தன் மாமைக் கவினை, அதாவது மாநிற அழகை, பிரிவால் வரும் பசலை தின்கிறதே என்று கலங்குகிறாள். மாந்தளிர் போன்ற மேனி வெளிறிப் போவது அவளுக்கு நோய்! இத்தனையும் கையில் வைத்துக்கொண்டு, வெளுப்புதான் அழகு என்று நம் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

நான் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியை. 'உன்னை வரைந்து காட்டு' என்றால் என் வகுப்புப் பிள்ளைகள் இளஞ்சிவப்பு கிரேயானைத்தான் தேடுகிறார்கள். அதை 'ஸ்கின் கலர்' என்கிறார்கள். பழுப்பு கிரேயான் மரத்தின் அடிப்பாகத்துக்கு மட்டும்தான். வேறெப்படி இருக்கும், அவர்கள் பார்த்த புத்தகங்கள் அப்படி.

நிலைமை கொஞ்சம் மாறித்தான் வருகிறது. சென்னையில் 1996-இல் தொடங்கிய தூலிகா பதிப்பகத்தின் படநூல்களில் நம் தெருவில் பார்க்கிற குழந்தைகள் இருக்கிறார்கள். அரசின் வாசிப்பு இயக்க நூல்கள் பள்ளிகளுக்கே வந்து சேர்கின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கறுப்பான குழந்தை கதையில் வந்தாலே, அது நிறத்தைப் பற்றிய கதையாகிவிடுகிறது. யாரோ கேலி செய்வார்கள், பாட்டி ஆறுதல் சொல்வாள். அந்தக் கதையும் தேவைதான். ஆனால் அந்தக் குழந்தை திருடனைப் பிடிக்கவும் வேண்டும், புலியோடு பேசவும் வேண்டும், நிலாவுக்குப் போகவும் வேண்டும். அங்கே நிறத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

உங்கள் இதழின் சிறுவர் பக்கத்துக்கு வரையும் ஓவியர்களிடம் இதைச் சொல்லுங்கள். அடுத்த முறை கண்ணனையோ இராமனையோ வரையும்போது பாட்டை ஒருமுறை படித்துவிட்டு, அப்புறம் வண்ணத்தை எடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை,
கோவில்பட்டி